ஏரிக்கரையில கூடாரம் போட வர்றவங்களுக்கு

மூணு வாரமா எழுத முடியல. சம்பா நடவு, அதுக்கப்புறம் களை, அதுக்கப்புறம் மழை. இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. போன மாசம் நடந்த ஒரு விஷயத்தை எழுதணும்னு அப்பவே நினைச்சேன். பட்டணத்துல இருந்து படிக்கிற உங்களுக்குத்தான் இது முக்கியம்.

எங்க ஊர் வீராணம் ஏரிப் பாசனம். காட்டுமன்னார்கோயில்ல இருந்து சேத்தியாத்தோப்பு போற சாலை, ரொம்ப தூரம் ஏரிக்கரை ஓரமாவே போகும். கல்கியோட பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு வீரநாராயண ஏரின்னா தெரியும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றது இந்தக் கரையிலதான். அந்தக் கதை படமா வந்ததுக்கு அப்புறம் சனி, ஞாயிறுல கார்கள் அதிகமாயிடுச்சு. கங்கைகொண்ட சோழபுரம் பார்த்துட்டு இப்படியே வந்து, சாயங்காலம் கரையில நின்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. இப்ப ஒரு ரெண்டு மூணு வருஷமா சில பேர் கூடாரத்தோட வர்றாங்க.

ஐப்பசி கடைசியில ஒரு சனிக்கிழமை. ராத்திரி எட்டரை மணிக்கு வயலைப் பார்த்துட்டு கரை மேல வண்டியில வந்துட்டிருந்தேன். எங்க பக்கம் அன்னைக்கு மழையே இல்ல, நிலா காயுது. கரைக்கு உட்புறம், கல் பதிச்ச சரிவுக்குக் கீழே, விளக்கு தெரிஞ்சுது. வலை போடறவங்களா இருக்கும்னு பார்த்தா, ரெண்டு கூடாரம். மூணு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. சென்னையில வேலை பார்க்கிறவங்களாம். நல்ல பிள்ளைங்கதான், குடிக்கக்கூட இல்ல. சின்ன அடுப்புல நூடுல்ஸ் வெந்துட்டிருந்துது.

நான் இறங்கிப் போய், "தம்பி, இங்க படுக்காதீங்க, மேல ஏறிடுங்க"ன்னு சொன்னேன்.

"ஏன் அண்ணா, யாராவது திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்கப்பா. தண்ணி ஏறும்."

அந்தப் பையன் வானத்தைப் பார்த்தான். "மழையே இல்லையே அண்ணா."

அவன் கேட்டதுல தப்பே இல்ல. அவனுக்குத் தெரிஞ்ச ஏரி கண்ணுக்கு முன்னால இருக்கிற ஏரி. எனக்குத் தெரிஞ்ச ஏரி அரியலூர் பக்கத்துல தொடங்குது. சாயங்காலம் டீக்கடையில லஸ்கர் சொல்லிட்டுப் போனார், மேக்கால நல்ல மழையாம், செங்கால் ஓடை வருதுன்னு. வழக்கமா வீராணத்துக்குத் தண்ணி கொள்ளிடத்துல கீழணையில இருந்து வடவாறு வழியா வரும். அது ஷட்டருக்குக் கட்டுப்பட்ட தண்ணி. ஓடைகள் அப்படி இல்ல. அரியலூர் பக்கம் கொட்டற மழை யாரையும் கேட்காம ஏரியில வந்து விழும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஏரியோட முழு அளவு 47.50 அடி. மழைக்காலத்துல முழுசா நிரப்பி வைக்க மாட்டாங்க. வர்ற வெள்ளத்தைத் தாங்க இடம் வேணும்னு குறைச்சே வெச்சிருப்பாங்க. அதனாலதான் சரிவுக்குக் கீழே கொஞ்சம் வண்டல் மண் காஞ்சு, பாய் விரிச்ச மாதிரி சமமா கிடக்கும். பார்த்தா கூடாரம் போடவே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். ஆனா அது யாருக்கும் வேண்டாம்னு சும்மா கிடக்கிற இடம் இல்ல. வரப்போற தண்ணிக்காக ஒதுக்கி வெச்ச இடம். அந்தத் தண்ணி வர்ற ராத்திரியிலதான் இந்தப் பிள்ளைங்க அங்க படுத்திருந்தாங்க.

கொஞ்ச நேரம் பேசினதுக்கு அப்புறம் கேட்டுக்கிட்டாங்க. கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு எங்க களத்துக்கு வந்தாங்க. களத்து ஓரமா மோட்டார் கொட்டகை இருக்கு, விளக்கு இருக்கு, குழாய்ல தண்ணி இருக்கு. எங்க வீட்ல இட்லி ஊத்திக் கொடுத்தாங்க. விடியக்காலையில அந்தப் பையனை மட்டும் வண்டியில கூட்டிக்கிட்டுக் கரைக்குப் போனேன். அடுப்பு வெச்ச மூணு கல்லையும் காணோம். அந்த இடத்துல முழங்கால் அளவுக்குத் தண்ணி நின்னுது. அவன் ஒண்ணும் பேசல.

முழங்கால் தண்ணியில யாரும் செத்துட மாட்டாங்கன்னு சொல்லலாம். தூக்கத்துல, இருட்டுல, ஜிப் போட்டு மூடின துணிக்குள்ள, ஐந்து பேர், வழுக்கற கல் சரிவு, பக்கத்துலயே மதகு. மதகு திறந்திருந்தா அதுக்கு முன்னால தண்ணி மேல அமைதியாத்தான் இருக்கும், அடியில இழுக்கும். நீச்சல் தெரிஞ்ச எங்க ஊர் ஆளுங்களே மதகுக்கிட்ட இறங்க மாட்டாங்க.

இதைப் படிச்சுட்டு "அப்ப வரவே கூடாதுன்னு சொல்றீங்களா"ன்னு கேட்பீங்க. இல்ல. எங்க ஊர்லயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நீங்க வரணும். 2004-ல இருந்து இந்த ஏரித் தண்ணி சென்னைக்குப் போகுது. சேத்தியாத்தோப்புல எடுத்து, வடக்குத்துல சுத்தம் பண்ணி, 200 கிலோமீட்டருக்கும் மேல குழாயில தள்ளிவிடறாங்க. ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோறதுக்கான திட்டம் அது. உங்க வீட்டுக் குழாயில வர்றது எங்க இருந்து கிளம்புதுன்னு நேர்ல வந்து ஒரு ராத்திரி பார்க்கிறது நல்லதுதான். இதே தண்ணியை நம்பி இங்க சுமார் 45,000 ஏக்கர் இருக்கு. குடிக்கிறவங்களும் விதைக்கிறவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லாம இருக்கிறதுதான் எனக்குச் சரியாப் படல.

ஆனா வர்ற விதம்னு ஒண்ணு இருக்கு. ராத்திரியில ஏரிக்கரை ஆளில்லாத இடம்னு நினைக்கிறீங்க. அப்படி இல்ல. ஒன்பது மணிக்கு வலை போட வருவாங்க, மூணு மணிக்கு எடுக்க வருவாங்க. மதகு பார்க்க லஸ்கர் வருவார். தண்ணி முறை இருக்கிறவங்க டார்ச்சோட வருவாங்க. மனுஷங்களைத் தவிர, கட்டுவிரியன் நடமாடற நேரமும் அதுதான். தரையில படுத்துத் தூங்கறவங்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கும். கடிச்சது பல பேருக்கு வலிக்கிறதுகூட இல்ல, தூக்கத்துலயே போயிடுவாங்க. கூடாரத்தை ஜிப் போடாம விட்டுட்டு வெளியில உட்கார்ந்து பாட்டு கேட்கறவங்களுக்கு இதை யார் சொல்றது?

அப்புறம் பாட்டில். இந்த வருஷம் நடவுல பக்கத்து வீட்டு அக்கா காலைக் கண்ணாடி கிழிச்சிடுச்சு. மதகு வழியா வாய்க்காலுக்கு வந்து, வாய்க்கால்ல இருந்து வயல் சேத்துக்குள்ள வந்திருக்கு. நாலு தையல். நடவு சீசன்ல பத்து நாள் கூலி போச்சு. அந்தப் பாட்டிலை வீசினது வெளியூர்க்காரங்கதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எங்க ஊர் ஆளுங்களும் கரையில உட்கார்ந்து குடிக்கிறாங்க. பூச்சிமருந்து டப்பாவைக் கழுவிட்டு வாய்க்கால்லயே போட்டுட்டு வர்ற விவசாயிகளும் இருக்காங்க. நானே ஒரு காலத்துல போட்டிருக்கேன். அதனால நாங்க யோக்கியங்க, நீங்க அயோக்கியங்கன்னு எழுத எனக்கு வாய் வரல. தண்ணியை அசிங்கம் பண்றதுல ஊரு, பட்டணம்னு வித்தியாசம் இல்ல.

எங்க அக்கா மகன் அமெரிக்காவுல அலபாமாவுல இருக்கான். இந்தக் கதையை போன்ல சொன்னப்ப அவன் ஒண்ணு சொன்னான். அங்க தெற்குப் பக்கம் டென்னசி – டாம்பிக்பி நீர்வழின்னு ஒண்ணு இருக்காம். 1985-ல படகுப் போக்குவரத்துக்குத் திறந்தது, 234 மைல் நீளம், பத்து இடத்துல பூட்டு மாதிரி கதவு வெச்சுப் படகை ஏத்தி இறக்கறாங்க. சரக்குப் படகு போறதுக்காக வெட்டினது. ஆனா ஒவ்வொரு தடுப்பணைக்குப் பின்னாலயும் தண்ணி தேங்கி ஏரியா நிக்குது. அந்த ஏரிக்கரைகள்ல கூடாரம் போடறதுக்குன்னே இடம் இருக்கு. அணையைப் பார்த்துக்கிற அதே ராணுவப் பொறியாளர் பிரிவுதான் அதுல பலதையும் நடத்துது.

இவன் குடும்பத்தோட போய் ரெண்டு ராத்திரி தங்கியிருக்கான். முன்பதிவு பண்ணினா உங்க இடத்துக்கு ஒரு நம்பர். ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், கரண்டு, குழாய். குளிக்கிற இடம் தனி. வண்டியில சேர்ற கழிவுநீரைக் கொட்டக் குழி தனி. ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஆறு மணி வரைக்கும் சத்தம் போடக்கூடாது. யாரா இருந்தாலும் முப்பது நாள்ல பதினாலு நாளுக்கு மேல ஒரே இடத்துல தங்க முடியாது. வெள்ளம் ஏறுதுன்னா மூடிட்டு, தங்கியிருக்கிறவங்களைக் கிளப்பி அனுப்பிடுவாங்க. "மாமா, அங்க தண்ணியைப் பார்த்துக்கிறவனே நம்மளையும் பார்த்துக்கிறான்"னு சொன்னான். அது என் மனசுல நின்னுடுச்சு. ஏரி எவ்வளவு ஏறும்னு தெரிஞ்சவன்தானே எங்க படுக்கலாம்னு சொல்ல முடியும்?

அதை அப்படியே இங்க கொண்டுவரணும்னு நான் சொல்லல. அவ்வளவு நிலமும் நமக்கு இல்ல, அவ்வளவு பணமும் இல்ல. டெண்டர் விட்டு, யாரோ ஒருத்தர் கரையில வேலி போட்டு ரிசார்ட் கட்டினா, நாளைக்கு எங்க மாட்டுக்கே ஏரியில தண்ணி காட்ட முடியாம போயிடும். அந்தப் பயமும் எனக்கு இருக்கு. நான் கேட்கிறது சின்னதுதான். கரைக்கு வெளிப்புறம், மேட்டுல, ஊருக்குப் பக்கத்துல ஒரு அரை ஏக்கர். ரெண்டு கழிப்பறை, ஒரு குழாய், ஒரு விளக்கு. அன்னைக்கு ஏரி எத்தனை அடி, எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு எழுதற ஒரு பலகை. ஊராட்சியே நடத்தட்டும். மகளிர் குழு சமைச்சுக் கொடுக்கட்டும், கட்டணம் வாங்கட்டும். குப்பையை வர்றவங்களே மூட்டை கட்டி எடுத்துட்டுப் போகணும்.

இதை எங்க ஊர்ல சொன்னப்ப ஒரு பெரியவர், "காசு கொடுத்து மண்ணுல படுக்கறவன் எவன்டா?"ன்னு கேட்டார். சிரிச்சுட்டு விட்டுட்டோம். ஆனா அன்னைக்கு ராத்திரி எங்க களத்துல படுத்த அஞ்சு பேரும் கிளம்பறப்ப ஆயிரம் ரூபாய் நீட்டினாங்க. எங்க வீட்ல வாங்க மறுத்துட்டாங்க. விருந்தாளிகிட்ட காசு வாங்கறதான்னு கோபம். இது ஒரு சங்கடம்தான். வீட்டுக்கு வந்தா விருந்தாளி, கரையில படுத்தா அந்நியன். ரெண்டுக்கும் நடுவுல, காசு கொடுத்து மரியாதையாத் தங்கிட்டுப் போற ஒரு இடம் நம்ம ஊர்கள்ல இல்ல. அது இருந்தா வர்றவங்களுக்கும் கூச்சம் இல்ல, எங்களுக்கும் கோபம் இல்ல.

அது வர்ற வரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க. ஐப்பசி, கார்த்திகையில ஏரிக்கரையில தங்க வராதீங்க. மாசியில வாங்க. தையில சம்பா அறுத்துடுவோம், மாசியில களம் காலியா இருக்கும். ஏரியிலயும் தண்ணி இருக்கும், வயல்ல உளுந்து பச்சையா நிக்கும், மழைப் பயம் இல்ல, ராத்திரி இதமான குளிர். கரைக்கு உள்ளே இறங்காதீங்க, மதகுக்கிட்ட குளிக்காதீங்க. எங்க தங்கறதுன்னு தெரியலைன்னா ஊருக்குள்ள வந்து டீக்கடையில கேளுங்க. "இங்க ஒரு ராத்திரி படுத்துக்கலாமா அண்ணே"ன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்ற ஊர் இந்தப் பக்கத்துல இருக்கிறதா எனக்குத் தெரியல.

அந்தப் பையன் என் நம்பரை வாங்கிட்டுப் போனான். நேத்து ராத்திரி போன் பண்ணினான். சென்னையில மழை கொட்டுதாம். களம் எப்படி இருக்கு, அம்மா எப்படி இருக்காங்கன்னு விசாரிச்சுட்டு, கடைசியா, "அண்ணா, இன்னைக்கு ஏரி எத்தனை அடி?"ன்னு கேட்டான். எனக்கும் தெரியல. காலையில லஸ்கரைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.