மண்ணுக்கு இலக்கணம் கண்டவர்

நம் இலக்கிய மன்றங்களிலே அறிவியலாளர் ஒருவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், அவர் வகித்த பதவிகளையும் பெற்ற பட்டங்களையும் ஒப்புவித்துவிட்டு அமர்வதே வழக்கமாகிவிட்டது. அவர் கண்டது யாது என்று வினவுவார் இலர். பேராசிரியர் அழகையா துரைராசாவுக்கும் நாம் இதையே செய்துவருகின்றோம். 1988 முதல் 1994இல் மறையும் வரை அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியதையும், எளிய வாழ்வு வாழ்ந்ததையும் மாணவர் அறிவர். அவர் கணிதங்கொண்டு மண்ணை அளந்ததை அறிந்தவர் மிகச் சிலரே.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற அவர், கேம்பிறிட்ஜ் சென்று 1961இல் ஆய்வேடு எழுதினார். கயோலின் என்னும் வெண்களிமண்ணும் மணலும் நழுவும்போது எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே அதன் பொருள். களிமண்ணை அழுத்தி நழுவச் செய்கின்றோம். நாம் செலவிட்ட ஆற்றல் எங்கே போயிற்று? துரைராசா தம் அளவீடுகளிலிருந்து கண்ட விடை வியக்கத்தக்க எளிமையுடையது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அமுக்கம், நழுவிய அளவு, அம்மண்ணுக்குரிய உராய்வெண் ஆகிய மூன்றையும் பெருக்கினாற் போதும்; அழிந்த ஆற்றல் கிடைத்துவிடும். றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்பாரோடு சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை இதன்மேல் எழுந்தது. பின்னர் உலகெங்கும் பொறியியல் மாணவர் கற்கும் 'கேம் களிமண்' என்ற கணித மாதிரியுரு இவ்வழி வந்ததே. கேம் என்பது கேம்பிறிட்ஜ் நகரூடே ஓடும் ஆற்றின் பெயர்.

மாதிரியுரு என்ற கலைச்சொல்லைக் கேட்டதும் என் மாணவர் சிலர் கடையிலே காட்டும் துணித்துண்டை நினைக்கின்றனர். இலக்கணம் என்று கொண்டால் தெளிவு பிறக்கும் என்பது என் துணிபு. நன்னூலார் மக்கள் பேசியவை அனைத்தையும் எழுதிவைக்கவில்லை. பலவற்றை விலக்கி, சிலவற்றைக் கொண்டு, விதி வகுத்து, எஞ்சியவற்றுக்குப் புறனடை வைத்தார். மண்ணின் இலக்கணமும் அத்தகையதே. அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே, குறித்த ஒரு நிலையினும் ஈரம் மிகுந்த களிமண்ணுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று வரம்பு கட்டுகின்றது. தம் நூலின் எல்லையைத் தலைப்பிலேயே சொல்லும் நேர்மை நம் உரையாசிரியர் சிலருக்கு வாய்த்திருக்கலாம்!

நிற்க. பொறியியற் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. துரைராசா அங்கே பேராசிரியராயும் பீடாதிபதியாயும் பணிபுரிந்தார். அப்பீடத்தைச் சூழ்ந்திருப்பவை மழையில் நழுவும் மலைகள். மழைநீர் மண்ணின் நுண்துளைகளை நிரப்பி, மேலுள்ள சுமையின் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கின்றது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகின்றது. அவ்வழி உராய்வும் குறைய, மலை வழிவிடுகின்றது. இவ்வடிப்படையை ரெர்சாகி என்னும் அறிஞர் முன்னரே நிறுவியிருந்தார். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியதும், 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் ஊரே புதைந்ததும், 2025 நவம்பர்ப் புயலில் கண்டி மாவட்டம் பட்ட துயரும் வாசகர் அறிந்தவை.

இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு, 150 பெய்தால் வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கின்றது. எண் வந்து சேர்கின்றது. ஏன் என்பது சேரவில்லை. காரணம் அறியாதவன், மழை விட்டதும் ஆபத்தும் விட்டது என்று லயத்துக்குத் திரும்பிவிடுவான். மழை ஓய்ந்தபின்னும் மண்ணுள் நீர் நிற்கும் என்பதைத் தமிழிலே அவனுக்குச் சொன்னவர் யார்? எழுந்து எங்கே போவது என்ற அவனுடைய வினாவுக்கு எந்த இலக்கணமும் விடை தாராது. அதற்கு நிலம் வேண்டும். அது வேறு வழக்கு.

இஃது பொறியியலாளர் வேலை, பண்டிதருக்கு என்ன என்று என் நண்பர் ஒருவர் கேட்கின்றார். அவர்கள் ஆங்கிலத்திற் கற்பிக்கின்றனர். மலையில் வாழ்வோர் தமிழில் அஞ்சுகின்றனர். இடையிலே நிற்பவர் தமிழாசிரியரே. பேராதனையில் மண்ணியல் கற்பிப்போர் ஒரு பக்கம் எழுதித் தரட்டும். சந்தி திருத்தி, தோட்டப் பாடசாலை மாணவர் படிக்கும் நடையில் அதை அமைத்துக் கொடுக்க நம் மன்றத்தார் நால்வர் போதும். அடுத்த பருவமழைக்குள் முடித்துவிடலாம்.