மேட்டர்ஹார்ன் தெரிந்தால்தான் ஓட்டமா?

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பெரியம்மா மகன் (பெங்களூரில் ஐடி வேலை) செல்போனை என் முன்னால் நீட்டினார். பச்சைப் புல்வெளி, பின்னால் கூம்பு மாதிரி ஒரு பனிமலை. சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்கிற ஊராம், மலை பெயர் மேட்டர்ஹார்ன். வரும் ஜூலையில் அங்கே அரை மாரத்தான் ஓடப் போகிறார். இதுவரை பத்து கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. முதல் 21.1 கி.மீ. அங்கேதானாம்.

"ஏண்ணா, முதல் தடவையே அவ்ளோ தூரம் போகணுமா?" என்றேன்.

"மலையைப் பார்த்துக்கிட்டே ஓடலாம்டா. நம்ம ஊர்ல எல்லாம் எவன் ஓடுவான்?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதிவு.

எவன் ஓடுவானா? காலை ஐந்து மணிக்கு உத்திரமேரூர் பக்கம் வந்து பாருங்கள். காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். என்னோடு பள்ளியில் படித்தவர்களே நாலைந்து பேர் அதில் இருக்கிறார்கள். ஷூ பிய்ந்தால் வெறுங்கால். கல்குவாரி லாரி வந்தால் ஓரத்து முள்ளில் இறங்கி நின்றுவிட்டு மறுபடி ஏறி ஓட வேண்டும். கூடப் படித்த ஒரு பெண்ணுக்கு, அவள் அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் சைக்கிளில் பின்னாலேயே வந்தால்தான் அன்றைக்கு ஓட்டம். அவர் வராத நாளில் ஓட்டமில்லை. இவர்கள் யாரும் தங்களை 'ரன்னர்' என்று சொல்லிக்கொள்வதில்லை, போட்டோ போடுவதும் இல்லை. அதனால் ஓடவே இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, அண்ணனின் மலைக்கே வருவோம். செர்மாட் ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். அரை மாரத்தான் முடிகிற ரிஃபெல்பெர்க் சுமார் 2,580 மீட்டர். ஆக, 21 கிலோமீட்டர் ஓடுவதோடு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரமும் ஏற வேண்டும். 2,500 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். முதல் முறை ஓடுகிறவன் அங்கே மலையைப் பார்ப்பானா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பானா? கென்யாவின் இடென் ஊர்க்காரர்கள் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் ஓடுகிறார்களே என்பீர்கள். அவர்கள் வீடு அங்கே இருக்கிறது ஐயா! வீட்டு வாசல் மண் ரோட்டில் ஓடித்தான் உலகத்தை ஜெயித்தார்கள்.

செலவைப் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு மட்டும் 90 யூரோ (2024 ஜூனிலிருந்து). விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. அதற்கு மேல் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், தங்கும் செலவு. அவர் காசு, அவர் போகட்டும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு :-) அந்த மலையை நானும் ஒருநாள் பார்க்கத்தான் வேண்டும்.

என் சண்டை செலவோடு இல்லை. பி.காம். சேர்ந்ததும் சொல்லித் தருவார்கள்: பணத்தில் அளக்க முடிந்ததை மட்டும்தான் கணக்கேட்டில் எழுதலாம். வியாபாரத்துக்கு அது சரி. மனுஷனுக்கும் அதே விதியா? லட்சத்தில் செலவழித்து ஓடினால் அது 'சாதனை'. காசில்லாமல் தினமும் ஓடினால் கணக்கிலேயே வராது!

இதில் நஷ்டம் எங்களுக்குத்தான். "இங்கே எவன் ஓடுவான்" என்று எல்லோரும் நம்பிவிட்டால், இங்கே ஓட ஓர் இடம் வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

வெளிநாடு போவதே தப்பு என்று சொல்லவில்லை. மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர், வெளிநாடுகளிலும் ஓடியிருக்கிறார். டோக்கியோவில் 8 கி.மீ. நடைபாதையைப் பார்த்துவிட்டு வந்து, சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தபோது 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக இங்கேயும் கொண்டுவந்தார். கட்சி எதுவாகவும் இருக்கட்டும், போனவர் மெடலோடு ஒரு பாதையையும் கொண்டுவந்தார். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று போதுமா? ஒன்றியத்துக்கு ஒன்றாவது வேண்டாமா?

குடவோலை, குடவோலை என்று பெருமை பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்து அதே கல்வெட்டில் (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஆள் வைத்த ஊர் இது. இன்று நாங்கள் கேட்பது ரப்பர் டிராக் இல்லை. ஏரிக்கரை மேல் முள்ளை வெட்டி மண்ணைச் சமப்படுத்துங்கள். நூறு மீட்டருக்கு ஒரு கல் நடுங்கள். நாலு விளக்கு போடுங்கள், அந்தப் பெண் அப்பா வராத நாளிலும் ஓடட்டும்.

அண்ணனுக்கு ஒரு சவால். சுவிஸ் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். முதல் 21.1-ஐ எங்களோடு ஓடுங்கள். பனிமலை கிடையாது. தண்ணீர் இருந்தால் ஏரியில் நாரை நிற்கும். கூட ஓட ஆள் நிறைய உண்டு.

டிஸ்கி: அண்ணன் இதைப் படிப்பார். லாரி வந்தால் இறங்கி நிற்க வேண்டிய இடத்தை நானே காட்டுகிறேன்.