மேசையில் வரும் இரண்டாவது கேள்வி

"கப்பல்ல இப்படித்தான் தம்பி. முன்னப்பின்ன தெரியாத எட்டுப் பேரை ஒரே டேபிள்ல உக்கார வச்சிருவாங்க. நாலு நாளும் அவங்ககூடத்தான் டின்னர். அங்க சாதியாவது மதமாவது!"

சொன்னவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இடம் கூக்கால். பூம்பாறையைத் தாண்டி மேற்கே போனால் வரும் மலைக்கிராமம். ஏரி, சோலைக்காடு, படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டை நட்டுக் களையெடுத்து உரித்துக் கட்டும் பெண்களின் கூலியைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. களப்பணிக்குப் போனபோது ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கினேன். இரவு உணவு எல்லோருக்கும் ஒரே நீள மேசையில். வங்கி அதிகாரியும் அவர் மனைவியும், பெங்களூரிலிருந்து வந்த இரண்டு ஐடி பையன்கள், ஒரு புதுமணத் தம்பதி, நான். சப்பாத்தி, பீன்ஸ் பொரியல், கோழி வறுவல். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கப்பல் கதை முடிந்ததும் அவர் கேட்டார். "தம்பிக்குச் சொந்த ஊரு?"

"ஒட்டன்சத்திரம் பக்கம் சார்."

"ஒட்டன்சத்திரத்துல எந்தப் பக்கம்?"

இந்த இரண்டாவது கேள்வியை நம்மில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். முதல் கேள்வி ஊரைக் கேட்கிறது. இரண்டாவது, ஊருக்குள்ளா காலனியா என்று கேட்கிறது. நான் சிரித்துக்கொண்டே, "மார்க்கெட் பக்கம் சார்" என்றேன். எங்கள் வீட்டிலிருந்து மார்க்கெட் பதினோரு கிலோமீட்டர்.

அந்த நேரம் என் தட்டில் சப்பாத்தி வைத்துக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டார். பகலில் பூண்டு வயலில் கூலி, சாயங்காலம் இங்கே சமையல். மூன்று நாள் முன்னால் அவர் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்து பேட்டி எடுத்திருந்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து சாப்பிடுவதைச் சாதி எப்போதுமே பயத்தோடுதான் பார்த்திருக்கிறது. யார் என்று தெரியாமல் எப்படிப் பக்கத்தில் உட்காருவது? 1888இல் காந்தி லண்டனுக்குக் கப்பலேறுமுன் கடல் தாண்டுகிறார் என்பதற்காகவே அவரது சாதியார் அவரை விலக்கிவைத்தார்கள். கப்பலிலோ அவர் பொது மேசைக்கே போகவில்லை. முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, எதில் இறைச்சி என்று கேட்கக் கூச்சம். கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

ரயிலில் இந்தச் சிக்கலைப் பலகை வைத்துத் தீர்த்தார்கள். தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனியிடம், மற்றவர்களுக்குத் தனியிடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் விடாமல் போராடி, 1941இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. பயணியிடம் யாரும் ஊர் பேர் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, பலகையே கேட்டுவிட்டது. பலகை போன பிறகு அந்த வேலையை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள், மிகவும் அன்பாக.

அதற்கும் முன்னால் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில், காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் வாங்கி நடந்த இடத்தில், இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி. 1925இல் தமிழ்நாட்டு அரசியலையே அது பிளந்தது. இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டதற்கா இவ்வளவு என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் யாரும் தனிப்பந்தியின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் இல்லை.

சமபந்தியால் மட்டும் சாதி ஒழியாது என்று 1936இல் அம்பேத்கர் தெளிவாக எழுதிவிட்டார். சேர்ந்து உண்ணும் சாதிகள் பல உண்டு, அதனால் சாதியுணர்வு செத்துவிடவில்லை, கலப்புமணமே மருந்து என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சேர்ந்து சாப்பிடுவதிலும் இரண்டு வகை இருக்கிறது. 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்காரவைத்து மிஸ்ரபோஜனம் நடத்தினார். அங்கே யாரும் யாருக்கும் அந்நியரில்லை. யார் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள். சொந்தச் சாதியே அவரை விலக்கியது, 'புலையன் அய்யப்பன்' என்று ஏசியது. அவர் அந்தப் பெயரைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். கப்பல் மேசையில் அப்படி எதையும் யாரும் இழப்பதில்லை. நான்காம் நாள் அவரவர் ஊருக்குப் போய்விடலாம். அங்கே சாதி ஒழிந்துவிடவில்லை, யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. அந்த மேசையில் என் ஊரைத் தோண்டியவர், சமைத்தது யார் என்று கேட்கவே இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவை ஒரு தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டார்கள். 2023இல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை. அங்கே துடித்தவர்கள் இங்கே ஏன் கவலைப்படவில்லை? என் கணிப்பு இது: பள்ளியில் அந்தப் பெண் அரசு வேலையில் இருக்கிறார், உரிமையோடு பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார். இங்கே அக்கா காசுக்கு வந்த வேலைக்காரி. எங்களுக்குப் பின்னால் நின்றார், எல்லோரும் எழுந்தபின் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். 'ஒரே மேசை' என்று படம் எடுத்துப் போட்ட ஐடி பையன்களுக்கு அது தோன்றவில்லை. முந்நூறு பக்கம் ஆய்வேடு எழுதும் எனக்கும்தான் தோன்றவில்லை.

சாப்பிட்டு முடிந்து டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அக்காவே சொன்னார்: "விடு தம்பி. நானும் கொடைக்கானலுக்கு வேலைக்குப் போனா வேற தெருப் பேருதான் சொல்லுவேன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் இரவும் அதே மேசை. யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "சார், நேத்து மார்க்கெட் பக்கம்னு சொன்னேன்ல, அது பொய். எங்க வீடு காலனியில. நாங்க எஸ்சி." பேச்சு ஒரு நொடி நின்றது. "அட, அதெல்லாம் இப்ப யாரு தம்பி பாக்கறா" என்று அவர் சிரித்தார். கோழி வறுவல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தவும் செய்தார். நல்ல மனிதர்தான். அவரை வில்லனாக்க இதை எழுதவில்லை.

அடுத்த நாள் காலை அவர்கள் இருவரும் மேசைக்கு வரவில்லை. குளிர் அதிகம், அறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கூக்காலில் அன்று குளிராகத்தான் இருந்தது. புதுமணத் தம்பதிகூடச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார்கள். அது குளிர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படி ஒரு சந்தேகத்தைச் சுமக்காமல் அவரால் ஊர் திரும்ப முடிந்தது, என்னால் முடியவில்லை.

அக்கா இட்லித் தட்டை மூடி எடுத்துக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனார். திரும்பி வந்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கக்கா" என்றேன். அவர் உரிமையாளரின் அறைக்கதவைப் பார்த்தார். "வயலுக்கு நேரமாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.