மாரடைப்பும் தலையெழுத்தும்

இராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ நாற்பத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து மாண்டுபோனால் உடனே சொல்லப்படும் சமாதானம் என்ன? "ஆயுசு அவ்வளவுதான், ஆண்டவன் அழைத்துக்கொண்டான்" என்பதுதானே! நாம் கேட்கின்றோம்: ஆண்டவன் எழுதிய எழுத்து தேசத்துக்குத் தேசம் மாறுமா?

பின்லாந்து தேசத்தில் வடக்குக் கரேலியா என்று ஒரு மாகாணம். அங்கு 1960களில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் ஏராளமாய் மடிந்துவந்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் தடுப்பு வேலை தொடங்கிற்று. யாகம் செய்யவில்லை, தாயத்துக் கட்டவில்லை. உப்பையும் வெண்ணெயையும் குறைத்தார்கள், புகைப்பதை விட்டார்கள், ஊர்ச் சுகாதார நிலையங்களில் இரத்தக் கொதிப்பை அளந்து மருந்து கொடுத்தார்கள். சுமார் 35 வருஷங்களில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய்ச் சாவு நூற்றுக்கு 80க்கு மேல் குறைந்துவிட்டது. அங்கே தலையெழுத்தை அழித்தது யார்? இங்கிலாந்திலோ 2009 முதல் 40க்கும் 74க்கும் இடைப்பட்ட வயதினரை, வியாதி வருமுன்பே, ஐந்து வருஷத்துக்கொருமுறை சர்க்கார் வைத்தியமே சோதனைக்கு அழைக்கின்றது.

நம் நாட்டில் வழியில்லையா என்றால் இருக்கின்றது. 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில், இரத்தக் கொதிப்புள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அதன் பின் எடுத்த கணக்கில் அது சுமார் 17 ஆயிற்று. ஆனால் மீதி 83 பேரின் கதி என்ன? வலியில்லையே என்று அளக்காதவர்கள் பலர். மாத்திரை பழகிவிடும் என்று பாதியில் நிறுத்தியவர்கள் பலர். நேர்த்திக் கடனை நம்பியிருப்பவர்களும் உண்டு. இது தற்கொலைக்குச் சமானமான மூடத்தனமாகும்.

நிற்க, பழி முழுவதும் தொழிலாளியின் மேலதா? பகலெல்லாம் மூட்டை தூக்குபவன் பகலில் மட்டும் திறந்திருக்கும் வைத்தியசாலைக்கு ஒருநாள் கூலியை இழந்தல்லவா போகவேண்டும்? காற்றிலுள்ள புகையும் நுண்தூசியும் இருதயத்தைக் கெடுப்பவை என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட விஷயம். "உப்பைக் குறை" என்று ஏழைக்குப் புத்தி சொல்லிவிட்டு, "எண்ணூர்ப் புகையைக் குறை" என்று ஆலைக்குச் சொல்லாதிருப்பது என்ன யோக்கியதை?

தோழர்களே! முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று கொதிப்பையும் சர்க்கரையையும் அளந்துகொள்ளுங்கள். கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாலையிலும் நிலையம் திறந்திருக்க வேண்டுமென்று உங்கள் சங்கங்களின் மூலம் கேளுங்கள். அது பிச்சையல்ல; நீங்கள் கொடுக்கும் வரிக்கு உங்களுக்குள்ள உரிமையாகும்.