அரை நாள் கூலி



எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியும் கையுமாக ஓடி வந்து ஏறுகிறவர்களில் முப்பதைத் தாண்டிய பெண்கள் நிறைய. “ஒரு மாசமா வெள்ளைப்படுது, இடுப்பு கடுக்குது” என்று ஒருத்தி சொன்னால், பக்கத்து சீட்டிலிருந்தே வைத்தியம் வந்துவிடும். “சூடுதான். ராத்திரி வெந்தயத்தை ஊறப் போட்டுக் குடி.” பெரும்பாலும் அது சாதாரணத் தொந்தரவாகவே இருக்கும். ஆனால் எது சாதாரணம், எது புற்றுநோயின் அறிகுறி என்பதை வெந்தயம் சொல்லாது.

ஐம்பது வயதுக்குள் புற்றுநோய் வருகிறவர்களின் எண்ணிக்கை உலக அளவில் 1990-ல் சுமார் 18 லட்சமாக இருந்தது. 2019-ல் 32 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. மக்கள்தொகை பெருகியதும் இதற்கு ஒரு காரணம் என்பதால், எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அதே சமயம், நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே வருகிறது என்று மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ‘வயசானவங்க சீக்கு’ என்ற பழைய நினைப்பை விட்டுவிடுவது நல்லது.

புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்களே கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை, பஞ்சில் தொட்டுத் தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுப்பார்கள். மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். மயக்க ஊசி கிடையாது, படுக்கை கிடையாது. தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே, அப்போதே அந்த இடத்தை உறையவைத்து அகற்றும் சிகிச்சையும் நடந்தது. ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் பரிசோதனை. அதற்கே, பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைவு. முப்பதுகளில் இருந்த பெண்களிடம் மட்டும் பார்த்தால் 66 சதவீதம் குறைவு! 2007-ல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. இளம் வயதுக்காரிகளுக்குத்தான் பலன் அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

அந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து கூப்பிட்டும் ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் வரவில்லை. ஏனென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா? ஒரு நாள் கூலி போகும். காட்ட வெட்கம். “நல்லா இருக்கிற உடம்பை எதுக்குக் காட்டணும்” என்று வீட்டில் ஒரு பெரியவர் சொல்வார். நல்லா இருக்கும்போது காட்டினால்தான் பலன் என்பதைத்தான் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

இன்று இதே பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். முப்பது வயது நிறைந்தவர்களுக்கு வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்க்கிறார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு இடமிருக்கிறது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு திரிகிற தம்பிகள், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தடிப்போ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம் போனால் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பௌத்திரம்’ நோட்டீஸைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள். அது மூலமாகவே இருக்கலாம். மூலமா, புற்றுநோயா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இனி, தீப்பெட்டி ஆபீஸ், கடலை மிட்டாய்க் கம்பெனி நடத்தும் நம் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆரம்ப சுகாதார நிலையம் ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்குத் திறந்திருக்காது. வேலை நாளில்தான் போயாக வேண்டும். முப்பதைத் தாண்டிய பெண்களைப் பத்துப் பத்துப் பேராக உங்கள் வேனிலேயே அனுப்புங்கள். அந்த அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். டிசம்பர் 11 பாரதி பிறந்த நாளுக்கு எட்டயபுரத்தில் கூட்டம் சேர்க்கிற அமைப்புகள், மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுப் பெயர் பதிந்து, மறுவாரமே அழைத்துப் போகலாம். எந்த ஆபீஸ், எந்த மகளிர் குழு முதலில் செய்கிறதோ, எங்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் அவர்களுக்குத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்