அழித்து எழுதும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு கண்டனம்

டிஸ்கி: இது வங்கி பற்றிய பதிவு இல்லை. வீடியோ கேம் பற்றியது. நாற்பத்தேழு வயசில் இந்த மனுஷனுக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் தங்கமணியின் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். அங்கே நிறைய இடம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போபாலில் நம்மவர்கள் நாலு குடும்பம் ஒரு வீட்டில் கூடினோம். இட்லி, வடைகறி, ஊர்க்கதை, அரசியல் எல்லாம் முடிந்த பிறகு நண்பரின் பையன் மடிக்கணினியைத் திறந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எட்டிப் பார்த்தால், நானும் என் பெண்ணும் ரெண்டு வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அதே 'விசார்ட்ரி'! எனக்குக் கை கால் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பத்தே நிமிஷத்தில் சந்தோஷம் போச்சு.

பையன் இணையத்தில் யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து ஆறு பேரை உருவாக்கியிருந்தான். அவர்களுக்குப் பெயர் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. மூணாம் தளத்தில் 'ரெண்டு' செத்துப் போனான். பையன் பதறவே இல்லை. ஆட்டத்தை மூடினான், முன்பே நகலெடுத்து வைத்த சேமிப்புக் கோப்பை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினான், திரும்பத் திறந்தான். 'ரெண்டு' கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறான். "ஏம்ப்பா இப்படி?" என்றேன். "அங்கிள், லாஸ் எதுக்கு எடுக்கணும்?" என்றான். அவன் அப்பா பெருமையாகச் சிரித்தார்: "கெட்டிக்காரன் சார்!"

அந்தக் 'கெட்டிக்காரன்' மேல்தான் என் கோபம் எல்லாம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 'விசார்ட்ரி: புரூவிங் கிரவுண்ட்ஸ் ஆஃப் த மேட் ஓவர்லார்ட்' 1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ஆட்டம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் என்ற இருவர் எழுதியது. வில்லன் வெர்ட்னா, அவனைக் கொல்லச் சொல்லும் கிறுக்கு ராஜா ட்ரெபோர். இரண்டையும் ஆங்கிலத்தில் பின்னாலிருந்து படித்தால் ஆண்ட்ரூ, ராபர்ட்! பின்னாளில் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' (1986) செய்த யூஜி ஹோரியே இதில் மயங்கியவர்தான். இந்தப் பழைய ஆட்டத்தை டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் புது உருவத்தில் கொண்டுவந்தது. முழு வெளியீடு 2024 மே மாதம். 2025-இல் இதன் இசைக்காக வினிஃப்ரெட் பிலிப்ஸுக்கு கிராமி விருதுகூடக் கிடைத்தது. அழகான விஷயம் என்னவென்றால், மேலே புதுப் படங்கள் இருந்தாலும் அடியில் ஓடுவது அந்தப் பழைய நிரல்தான். வேண்டுமானால் 1981-இன் திரையையே ஓர் ஓரத்தில் பார்த்துக்கொண்டு ஆடலாம்.

ஆட்டம் இதுதான். ஆறு பேரை நாமே உருவாக்க வேண்டும். பெயர், இனம், குணம், தொழில் எல்லாம் நம் கையில். முன்வரிசையில் நிற்கும் மூன்று பேர்தான் கைகலப்பில் அடிப்பார்கள். பின்வரிசை மூன்று பேர் மந்திரம், பூட்டுத் திறப்பு என்று பிழைக்க வேண்டும். நல்லவனும் கெட்டவனும் சத்திரத்தில் ஒரே குழுவில் சேர மாட்டார்கள், நடுநிலைக்காரன் இரண்டு பக்கமும் போவான் (நம் ஊர் அரசியல் மாதிரி இல்லை, இங்கே கொஞ்சம் கண்டிப்பு). கீழே பத்துத் தளம், ஒவ்வொன்றும் இருபதுக்கு இருபது கட்டம்.

இனி முக்கியமான இடம். யாராவது செத்தால் பிணத்தை மேலே தூக்கி வந்து கோயிலில் காணிக்கை கட்ட வேண்டும். பணம் முன்கூட்டியே. பிழைக்காவிட்டால் திருப்பித் தர மாட்டார்கள். எங்கள் பிராசஸிங் ஃபீஸ் தோற்றுப்போகும். தோற்றால் உடல் சாம்பலாகும். சாம்பலை எழுப்ப இன்னும் அதிகக் காணிக்கை. அதுவும் தோற்றால் அவ்வளவுதான், ஆள் நிரந்தரமாகப் போய்விடுவார். ஆறு பேரும் கீழேயே செத்தால்? உடல்கள் விழுந்த இடத்தில் கிடக்கும். புதிதாக ஒரு குழுவை உருவாக்கி, பழக்கி, அனுப்பி, தூக்கி வர வேண்டும். குழுவில் ஆறு இடம்தான் என்பதால் மீட்கப் போகிறவர்கள் நாலு பேராகவோ மூணு பேராகவோ போனால்தான் பிணத்துக்கு இடம் இருக்கும். ஆள் குறைந்தால் அவர்களும் சாகலாம். அங்கே உட்கார்ந்து நாம் போடும் கணக்கு இருக்கிறதே, அதுதான் ஐயா இந்த ஆட்டம்!

நான் பி.காம். பாளையங்கோட்டையில் கணக்குப் பதிவியல் எடுத்த வாத்தியார் முதல் மாதமே சொன்னது: "பேரேட்டில் அழிக்கக் கூடாது". தப்பாக எழுதிவிட்டால் சுரண்டாதே, மை பூசாதே. அதைச் சரிசெய்ய இன்னொரு பதிவு போடு. தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். இருபத்து மூணு வருஷ வங்கி வேலையிலும் அதுதான். தவறான வரவை ரிவர்ஸ் செய்யலாம், ஆனால் அந்த ரிவர்சலும் கணக்கில் ஒரு வரியாக நிற்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி பக்கத்தையே மாற்றினால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, வேறு பெயர். அதற்கு விசாரணை வரும்.

விசார்ட்ரி இழப்பை மட்டும் கொடுத்துவிட்டுக் கையை விரிக்கவில்லை, கவனியுங்கள். கோயில், எழுப்பும் மந்திரம், மீட்புக்குழு என்று ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு திருத்தப் பதிவு வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் விலை உண்டு, எதற்கும் உத்தரவாதம் இல்லை. சேமிப்பு நகலை ஒட்டுகிறவன் பேரேட்டின் பக்கத்தைக் கிழிக்கிறான். கிழிப்பதோடு, கோயிலையும் மீட்புக்குழுவையும் ஆட்டத்திலிருந்தே தூக்கி எறிகிறான். மிச்சம் இருப்பது கட்டம் கட்டமாக நடக்கிற சுவர் மட்டும்தான். அப்புறம் "போர் அடிக்குது அங்கிள்" என்கிறான். அடிக்காமல்?

வழக்கமான சமாதானங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"விளையாட்டுதானே சார்?" விளையாட்டுதான். பரமபதத்தில் பாம்பு கொத்தின காயைத் திருட்டுத்தனமாக மேலே வைத்தால் என் அம்மா நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். அதுவும் விளையாட்டுதான்.

"வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் ஏது?" நியாயம். அதனால்தான் புதுப் பதிப்பு தரும் வசதிகளை நான் குறை சொல்லவில்லை. கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரையத் தேவையில்லை, மந்திரத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டத் தேவையில்லை. சில பழைய விதிகளை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளவும் விடுகிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள். அது உழைப்பைக் குறைப்பது. விளைவை அழிப்பது வேறு.

"அந்தக் காலத்திலேயே செய்தார்களே!" செய்தார்கள். ஆள் செத்தது பதிவாவதற்குள் ஃபிளாப்பியை உருவியவர்கள் 1981-லும் இருந்தார்கள். பழைய தப்பு என்பதால் அது சம்பிரதாயம் ஆகிவிடாது.

பட்டியலைப் பார்த்து ஆள் எடுப்பதும் இதே வியாதிதான். ஆளை உருவாக்கும்போது கிடைக்கும் கூடுதல் புள்ளி பெரும்பாலும் பத்துக்குள்தான் விழும். அபூர்வமாக இருபதை ஒட்டி விழும். அது விழும்வரை மணிக்கணக்கில் பொத்தானைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு புள்ளியோடு வந்தவன் என்ன பாவம் செய்தான்? எங்கள் குழுவின் குள்ளத் திருடன் அப்படி வந்தவன்தான். சண்டைக்கு உதவ மாட்டான். ஆனால் விஷ ஊசியும் வெடிகுண்டும் வைத்த பெட்டிகளை அவன்தான் திறக்கிறான்.

இவ்வளவு வீராப்பாகப் பேசுகிறேனே, நான் யோக்கியனா? இல்லை. அதையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2024 மார்ச். என் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பாதியில் இருந்தது. ஊரிலிருந்து போன். அம்மா போய்விட்டாள். அவளுக்கு ஆச்சி என்றால் உயிர். "பரீட்சை முடியட்டும்" என்று நானும் தங்கமணியும் முடிவு செய்தோம். சென்னையில் டிரெயினிங் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். கொள்ளி வைத்தேன். மொட்டைத் தலையோடு திரும்பி, திருப்பதி வேண்டுதல் என்றேன். "ஆச்சி ஏன் போன் பண்ணல?" என்றதற்குத் தொண்டை கட்டியிருக்கு என்றேன். கடைசிப் பரீட்சை அன்று சாயங்காலம்தான் சொன்னோம். அவள் கத்தவில்லை. அன்றிரவு சாப்பிடவில்லை. நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை.

அந்த விடுமுறையில்தான் இந்த ஆட்டத்தை வாங்கினோம். குழுவின் பூசாரிக்கு அவள் ஆச்சி என்று பெயர் வைத்தாள். பூசாரியைப் பின்னால் நிறுத்துவோம் என்றேன். "ஆச்சி பின்னாடி நிக்க மாட்டா" என்று முன்வரிசையில் வைத்தாள். சரியாகத்தான் சொன்னாள்.

நாலாம் தளத்தில் ஆச்சி செத்தாள். தூக்கி வந்தோம். கோயிலில் கட்டினோம். சாம்பல். இருந்த வாளையும் கவசத்தையும் விற்றுத் திரும்பக் கட்டினோம். அதுவும் தோற்றது. பெண் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள், எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து, ஒளித்து வைத்திருந்த பழைய நகலை எடுத்து ஒட்டினேன். நல்ல அப்பா செய்ய வேண்டிய வேலையைச் செய்ததாக நினைத்துத் தூங்கினேன்.

காலையில் அவள் திறந்தாள். முன்வரிசையில் ஆச்சி. விற்ற வாளும் அப்படியே இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ரெண்டாவது தடவைப்பா."

பிறகு அவளே பயிற்சிக் களத்துக்குப் போய் ஆச்சியின் பெயரை நீக்கினாள். வேறு பெயரில் புதுப் பூசாரி, முதல் நிலையிலிருந்து. நான் நகல் எடுப்பதை அன்றோடு விட்டேன்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் மக்களே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்த நகல் ஓடுகிறது? பரீட்சை என்று சாவை மறைக்கிறோம், நேர்முகத் தேர்வு என்று ஆபரேஷனை மறைக்கிறோம். பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்கிறோம். அழுவதற்கு இருந்த நாளையும், ஆச்சி முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க இருந்த வாய்ப்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். அதற்கு எந்த மீட்புக்குழுவும் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இதைச் செய்துகொண்டிருக்கும்போது, "லாஸ் எதுக்கு எடுக்கணும்" என்று கேட்கும் பையனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான்.

பெண் இப்போது புனேயில் பி.காம். படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் ஆடுவோம், இப்போது எட்டாம் தளத்தில் நிற்கிறோம். போன மாதம் சித்தப்பா தவறிவிட்டதாக நெல்லையிலிருந்து போன் வந்தது. அவளுக்கு மறுநாள் செமஸ்டர் பரீட்சை. தங்கமணி என் முகத்தைப் பார்த்தாள். நான் அரைமணி நேரத்தில் புனேக்குப் போன் போட்டுச் சொன்னேன். அழுதாள். ரொம்ப நேரம் சின்னத் தாத்தாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் பரீட்சையும் எழுதினாள். மார்க் எவ்வளவு என்று நான் இன்னும் கேட்கவில்லை.

பி.கு.: நண்பர் இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம். அடுத்த ஞாயிறு பையனைக் கூட்டி வாருங்கள். ஆறு பேருக்கும் பெயர் வைத்துவிட்டு ஆரம்பிப்போம். தங்கமணி கேசரி செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.