பாலை அளக்கிறோம்; பசுவை அளக்கிறோமா?

கறவை வளர்க்கும் நம் உறுப்பினர்கள் காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றுகின்றனர். அளவு குறைந்தால் ஏன் என்று கேட்கிறோம். கொழுப்புச் சத்து குறைந்தால் விலையைக் குறைக்கிறோம். அப்பாலைத் தந்த பசுவின் உடல் குறைந்ததா என்று கேட்பார் மட்டும் எவருமிலர். இது நம் முறையிலுள்ள பெருங்குறை என்றே கருதுகிறோம்.

பசு படுத்த பின்னரே மருத்துவரை நாடுகிறோம். அவரோ வந்தவுடன் ஊசியை எடுப்பதில்லை. சற்று விலகி நின்று, பசு நிற்கும் நிலையையும் மூச்சையும் நோக்குகிறார். வாலின் அடிப்புறத்தில் நாடி பார்க்கிறார். உடல் வெப்பம் 101 முதல் 102 பாகை பாரன்ஹீட் அளவில் உள்ளதா என அறிகிறார். இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள குழியில் கையை அழுத்தி, 2 நிமிடத்தில் பெருவயிறு இரண்டு மூன்று முறை அசைகிறதா என்று கணிக்கிறார். பின்னர், “எப்போதிலிருந்து மெலிந்தது?” என்று கேட்கிறார். அதற்குத்தான் நம்மிடம் விடை இல்லை.

அவ்விடையை நாமே எழுதி வைக்கலாம். கறவையின் உடற்கட்டை 1 முதல் 5 வரை மதிப்பிடும் முறை எளியது. எலும்பும் தோலுமாயிருப்பது 1. கொழுத்துத் திரண்டது 5. வயிற்றின் பருமனைக் கண்டு ஏமாறலாகாது. தீனியும் சினையும் வயிற்றைப் பெருக்கிக் காட்டும். இடுப்பெலும்பு, முதுகின் ஓரம், வாலடிக் குழி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தலே சரியானது. துணியின் நெருக்கத்தை விரலால் அறியும் நெசவாளருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

கன்று ஈனும்போது உடற்கட்டு 3 அல்லது 3½ இருத்தல் நலம். ஈன்ற பின் சிறிது மெலிவது இயல்பே. ஒரு புள்ளிக்கு மேல் இறங்கினால் பசு மறுபடி பருவத்துக்கு வரத் தாமதமாகும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும், மாடு வாங்கிய கடனின் தவணையைப் பால் வருவாயின்றியே கட்ட நேரும். கூடுவாஞ்சேரிச் சுற்றுப்புறத்தில் மேய்ச்சல் நிலங்கள் மனைகளாகிவிட்ட இந்நாளில், விலைக்கு வாங்கிய தீனி உடலில் சேர்கிறதா என்பதையும் இக்கணக்கே காட்டும்.

அண்மையில் காட்டுப்பாக்கத்திலேயே கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்குள்ள அறிஞர்களை அழைத்து ஒரு நாள் செய்முறைப் பயிற்சி நடத்தச் சங்கம் முன்வரவேண்டும். பால் கணக்குப் புத்தகத்திலேயே உடற்கட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, மாதம் ஒருமுறை நிரப்பச் செய்யவேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. நோய் வந்தபின் ஓடுவதினும், வருமுன் தொட்டுப் பார்ப்பதே கூட்டுறவாளருக்கு அழகு.